கெட்டவன் வேஷம் கட்டி வந்த பிள்ளை
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் "ஒழுக்கமும் உயர்வும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் அதைப் பேச எனக்கு இன்றைக்கு மனம் வரவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு கடன்காரனாக நிற்கிறேன். கடனைத் தீர்த்துவிட்டுத்தான் மற்றது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் மாறுவேடப் போட்டி நடந்தது. நடுவர் மூவரில் அடியேனும் ஒருவன். மூன்று திருவள்ளுவர் வந்தார்கள், இரண்டு பாரதியார் வந்தார்கள், ஒரு துங்கு அப்துல் ரஹ்மான் வந்தார். தாதிமார் நாலைந்து பேர். பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாக ஒரு சின்னப் பெண் வந்து நம் கண்ணையெல்லாம் கலங்க வைத்தாள். அவளுக்குத்தான் முதல் பரிசு, சரியான பரிசு.

அதற்கப்புறம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேடை ஏறினான். முதுகிலே அரிசி புடைக்கிற முறம். முறத்தின் மேலே அட்டையைக் கூம்பு கூம்பாகச் சுருட்டி ஒட்டி, பச்சைச் சாயம் பூசியிருந்தான். தலையில் இரண்டு கொம்பு. நடு மேடையில் வந்து காலை அகட்டி நின்றான். ஓர் உறுமல் உறுமினான். அவ்வளவுதான், சபையே விழுந்து விழுந்து சிரித்தது. "யாருப்பா நீ?" என்று கேட்டோம். "பௌசர், சார்" என்றான். எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆறாம் ஆண்டு மாணவர்கள்தான், "சார், அது மாரியோ கேம்ல வர்ற வில்லன் சார்" என்று சொன்னார்கள்.

மற்றொரு நடுவர் கேட்டார், "ஏன் தம்பி, நல்லவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே, கெட்டவன் வேஷம் எதுக்கு?" அந்தப் பையன் ஒரு நிமிஷம் கீழே பார்த்தான். பிறகு சொன்னான்: "அவன் ஒவ்வொரு தடவையும் தோத்துப் போறான் சார். ஆனா அடுத்த கேம்லயும் வந்துர்றான்."

மதிப்பெண் தாளில் வேடப் பொருத்தம், பேச்சு, கருத்து என்று மூன்று கட்டம் இருந்தது. கருத்து என்ற கட்டத்தில் நான் பத்துக்கு இரண்டு போட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பசியாறக்கூட முடியவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் என் தகப்பனார் முகம் வந்து நிற்கிறது. நரைத்த முகமல்ல, அரிதாரம் பூசிய முகம்.

சொல்கிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில், இன்றைக்கு பெஸ்தாரி ஜெயா என்கிறார்களே அந்தப் பக்கம், ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அப்பா பால்வெட்டு. விடியக்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. இருட்டிலே வரிசையாக நிற்பார்கள். கிராணியார் கையில் செக்ரோல், தலைக்கு மேலே ஒரு மங்கின விளக்கு. பேர் கூப்பிடுவார், "ஐயா" என்று குனிந்து சொல்ல வேண்டும். செக்ரோலில் என் அப்பாவின் பெயரைப் பாதிதான் எழுதியிருந்தார்கள். எந்தக் காலத்தில் எந்தக் கிராணி அப்படி எழுதினாரோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். முதல் பாதி மாரியம்மன் பேர், பின்பாதி காணோம். அந்தப் பாதிப் பேரிலேயே அவருக்குச் சம்பளம், அந்தப் பாதிப் பேரிலேயே அவருக்கு ஏச்சு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குனிவு நிமிராது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டு வர முடிகிற விஷயமா அது?

வருஷத்துக்கு ஒரு நாள் மாரியம்மன் திருவிழா. தீமிதி முடிந்த மறுநாள் இரவு கூத்து. 1976-ம் ஆண்டு இரணிய நாடகம். அப்பாவுக்கு இரணியன் வேஷம். ஒட்டுப்பால் நாற்றம் மாறாத கைக்குத் தங்கக் கலர் காகிதம் ஒட்டிய காப்பு. பிஸ்கட் டின் தகரத்தில் வெட்டின கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி. ஒரு மாசம் ராத்திரி ராத்திரியாக வாத்தியார் வந்து சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டித்தான் அப்பா படிப்பார். பாட்டை எல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணினார்.

இரணியனை உங்களுக்குத் தெரியும். தவம் செய்து வரம் வாங்கியவன். பகலிலே சாகாதே, இரவிலே சாகாதே, வீட்டுக்குள்ளே சாகாதே, வெளியிலே சாகாதே என்று எழுதி வாங்கியவன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று உலகத்திலும் என் பேரைச் சொல்லு. அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னது பெற்ற மகன். அந்த மகன் பிரகலாதன் வேஷம் எனக்கு. எனக்கு ஒன்பது வயசு.

கியாஸ் விளக்கு வெளிச்சத்தில் திரையை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சபையோர்களே, அவர் இவ்வளவு உயரமான மனுஷர் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்! முன்வரிசை நாற்காலியில் கிராணியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேரே அப்பா வந்து நின்று, பாதத்தை ஊன்றி, மார்பை விரித்து, தன் பேரை மூன்று தடவை சொன்னார். இரணியன் பேரைத்தான். ஆனால் எங்கள் லயத்துச் சனம் முழுவதும் வேறு எதையோ கேட்ட மாதிரி கைதட்டியது. கிராணியாரும் கைதட்டினார்.

விடியும் நேரம் நரசிம்மர் வந்தார். அந்த வேஷக்காரரை இரண்டு பேர் இடுப்புத் துணியில் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். இரணியன் மடியிலே விழுந்தான், செத்தான். கூத்து முடிந்தது. கையில் வைத்திருந்த மரவாளை என் கழுத்துக்கு ஓங்கிய அதே அப்பா, அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். "கத்திய ஓங்குனப்ப பயந்துட்டியாடா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்று பொய் சொன்னேன்.

திருவிழா லீவு முடிந்து மறுபடியும் பெரட்டு. கிராணியார் வழக்கம்போலப் பாதிப் பேரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அப்பா நின்ற இடத்திலேயே நின்று, தன் முழுப் பேரையும் சொல்லி, "இருக்கேன்" என்றார். சத்தம் போடவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. தொண்டை வேறு கூத்தில் கட்டிப் போயிருந்தது. கிராணியார் நிமிர்ந்து பார்த்தாராம். பேனாவை எடுத்து என்னவோ எழுதினாராம். சம்பள நாளில் பார்த்தால் செக்ரோலில் முழுப் பேர்!

இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா தன் வாயால் சொன்னதே இல்லை.

கதையில் கெட்டவனாக வருகிறவனிடம் போய்ப் பலம் வாங்கிக்கொண்டு வருவது நமக்குப் புதுசல்ல. எவ்வளவோ பெரியவர்கள் செய்திருக்கிறார்கள். பாவேந்தர் பாரதிதாசன் அதே இரணியனை நாயகனாக்கி "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" என்று நாடகம் எழுதினார். 1934-ல் மேடை ஏறியது. புலவர் குழந்தை இராவணனைப் பாட்டுடைத் தலைவனாக்கி "இராவண காவியம்" பாடினார். 1946-ல் வெளிவந்த நூலை 1948-ல் அரசாங்கம் தடை செய்தது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிஞர் அண்ணா "நீதிதேவன் மயக்கம்" என்ற நாடகத்தில் இராவணனை மறுபடியும் கூண்டில் ஏற்றி வழக்காட வைத்தார். சினிமாவில் வில்லனாகவே நமக்குத் தெரிந்த ஆர்.எஸ். மனோகர், மேடையில் "இலங்கேஸ்வரன்" ஆக வந்து நின்றார். தந்தை பெரியார் 1929-லும் 1954-லும் மலாயாவுக்கு வந்துபோனவர். அந்தக் காற்று நம் தோட்டத்து வாசகசாலைகளிலும் வீசியது. எங்கள் வாசகசாலைக்காரர் ஒருவர் அப்பாவிடம் வந்து, "அண்ணே, இரணியன் சாகிற நாடகத்தை விடுங்க, ஜெயிக்கிற நாடகம் ஒண்ணு இருக்கு" என்றார். கோயில் தலைவர் வந்து, "அதெல்லாம் வேணாம், சாமி கதை சாமி கதையா இருக்கட்டும்" என்றார். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார். யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது அந்த நிற்பு.

கோயில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறோமே, முதன்முதலில் காவடி தூக்கியவன் யார்? இடும்பன். அவன் யார்? அசுரன்! சூரபத்மன் கூட்டத்தில் மிஞ்சிய ஆள். அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலையையும் கம்பில் கட்டித் தோளில் சுமந்து வந்தான். பழனியில் இறக்கி வைத்தவன் மறுபடி தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை. மேலே ஒரு சின்னப் பிள்ளை நிற்கிறான். சண்டை போட்டான், தோற்றான், செத்தான், உயிர் திரும்பப் பெற்றான். இன்றைக்கும் பழனி மலைப்படியில் பாதி வழியில் அவனுக்குச் சன்னிதி இருக்கிறது. அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆண்டவனிடம் போக வேண்டும். சூரபத்மனும் அப்படித்தான், மயிலாகவும் சேவலாகவும் ஆகி முருகனோடேயே இருக்கிறான். காவடியில் செருகுகிற மயிலிறகு யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். காண்டாக் கம்பில் முன்னும் பின்னும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மலை ஏறி இறங்கிய நம் ஆட்களுக்கு இடும்பனை விட நெருங்கிய சொந்தக்காரன் யார்?

சரி, வீடியோ கேமுக்கு வருகிறேன். பெரியவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். விடிய விடியப் போனைப் பிடித்துக்கொண்டு, கண் சிவந்து, வகுப்பில் வந்து தூங்குகிற பிள்ளைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தப் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். என் பேரைச் சொல்லியே பூட்டுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

என் தம்பி எனக்குப் பதினோரு வயது இளையவன். 1993-ல் அவன் பதினைந்து வயதுப் பையன். ரவாங் பட்டணத்தில் ஒரு கடையின் மாடியில் வரிசையாகக் கேம் பெட்டிகள் வைத்திருந்தார்கள். பள்ளிவிட்டு பஸ் காசை மிச்சம் பிடித்து அங்கே போய்விடுவான். அப்போது எல்லாரும் ஆடிய ஆட்டம் "ஸ்ட்ரீட் பைட்டர்". ஜப்பானில் கேப்காம் கம்பெனி 1991-ல் விட்ட இரண்டாம் பாகம். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு சண்டைக்காரன். இந்தியாவுக்கு என்று ஒருவனை வைத்திருந்தார்கள். பேர் டால்சிம். மொட்டைத் தலை, ஒட்டின வயிறு, கழுத்திலே மண்டையோட்டு மாலை. கையும் காலும் ரப்பர் மாதிரி நீளும், வாயிலிருந்து நெருப்பு வரும், பின்னால் யானைகள் நின்று பிளிறும். கடையில் மற்றப் பையன்கள் என் தம்பியைப் பார்த்தாலே, "நீ இந்தியன்தானே, நீ அவனைத்தான் எடுக்கணும்" என்பார்களாம். எடுக்காவிட்டால் சிரிப்பு. எடுத்தாலும் சிரிப்பு.

அவன் எடுக்க விரும்பியது சகாட் என்ற வில்லனை. தாய்லாந்துக்காரன், ஏழடிக்கு மேல் உயரம், மொட்டைத் தலை, ஒரு கண்ணில் கட்டு, நெஞ்சிலே குறுக்காக ஒரு பெரிய தழும்பு. 1987-ல் வந்த முதல் பாகத்தில் கடைசி எதிரி அவன்தான். நாயகனிடம் தோற்றான்; அந்தத் தோல்வியின் தழும்புதான் நெஞ்சில் இருப்பது. அடுத்த பாகத்தில் தழும்பை மறைக்காமல் திறந்த மார்போடு வந்து நிற்கிறான். "டைகர்" என்று கத்திக்கொண்டுதான் குத்துவான். 1991-ல் அவனோடு சண்டை போடலாமே தவிர, அவனாக ஆட முடியாது. கடைசியில் வரும் நான்கு வில்லன்களுக்கும் அந்தக் கதிதான். 1992-ல் வந்த புதிய பதிப்பில்தான் வில்லன்களையும் நாம் எடுத்து ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். தம்பிக்கு அன்றைக்கே தீபாவளி. பின்னால் வந்த கதைகளில் அந்தச் சகாட் பழிவாங்குகிற வெறியையும் விட்டு, வில்லன் கூட்டத்தையும் விட்டு விலகிவிடுகிறான் என்று தம்பி சொல்வான். அதெல்லாம் அப்போது அவனுக்குத் தெரியாது. தழும்பு மட்டும்தான் தெரியும்.

விஷயம் வீட்டுக்கு எட்டியது. அப்பா ரோத்தானை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் பயந்துகொண்டே பின்னால் போனேன். மாடி ஏறினால் ஒரே சிகரெட் புகை, இரைச்சல். தம்பி ஒரு பெட்டிக்கு முன்னால் நிற்கிறான். அப்பா பின்னால் போய் நின்றார். கை ரோத்தானுக்குப் போனது. கண் திரைக்குப் போனது. கண் போன இடத்திலேயே நின்றுவிட்டது.

"யார்ரா இவன்?"

தம்பிக்கு உயிரே இல்லை. "சகாட், அப்பா."

"கெட்டவனா?"

"ஆமாப்பா."

"நெஞ்சுல என்னா தழும்பு?"

தம்பி சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் புலிக் குத்தை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார். முன்னே, கீழே, சாய்த்து முன்னே, பிறகு பொத்தான் என்று தம்பி காட்டினான். அப்பா பிடித்துப் பார்த்தார். வரவில்லை. மரத்துக்கு மரம் ஒரே ஆழத்தில் கத்தி இழுக்கிற கைக்கு அந்தக் குச்சி பிடிபடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இரணியன்டா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். ரோத்தான் வெளியே வரவே இல்லை. கீழே இறங்கி மூன்று பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பஸ் நிலையத்தில் நிற்கும்போது தம்பியிடம், "அவன் எப்படி நிக்கிறான், நின்னு காட்டு" என்றார். தம்பி வெட்கப்பட்டான். "குதிங்கால்ல பாரத்தைப் போடு. தோள இறக்கு. கழுத்து மட்டும் மேல" என்று அப்பா திருத்தினார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது.

இது நல்ல கதை. இதோடு நிறுத்தினால் எனக்கும் கைதட்டுவீர்கள். ஆனால் அதே பெட்டியில் என் தம்பியோடு தோளோடு தோள் நின்று அதே சகாட்டை ஆடிய இன்னொரு பையன் இருந்தான். எதிர் லயத்துப் பிள்ளை. தம்பியை விடக் கெட்டிக்காரனாக ஆடுவான். அவன் வீட்டில் யாரும் ரோத்தானை எடுத்துக்கொண்டுகூடத் தேடி வரவில்லை. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன நேரம் அது. எங்கே போவது என்று பெரியவர்களே திகைத்து நின்றார்கள். பிள்ளைகளை யார் பார்த்தது? இந்தப் புக்கிட் செந்தோசாவுக்கும் ரவாங், பத்து ஆராங் பக்கமும் சிதறி வந்த குடும்பங்கள் உங்களிலேயே எத்தனையோ இருப்பீர்கள். பதினேழு வயதில் அவன் கையில் ஒரு நம்பர் பச்சை குத்தியிருந்தது. "பயல் வில்லன் மாதிரியே வர்றான் பாரு" என்று நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். 2001-ல் அவனைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். வயது இருபத்து மூன்று. அந்தத் தாயின் அழுகையை இந்த மங்கலமான மேடையில் நான் வருணிக்க விரும்பவில்லை.

2013-ம் ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. ஏறத்தாழ 40 ஆயிரம் உறுப்பினர்கள். பத்துப் பேரில் ஏழு பேர் இந்தியர்கள். நாட்டின் மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஏழு பேரும் ஏதோ ஒரு பள்ளியில், பெரும்பாலும் இப்படி ஒரு தமிழ்ப்பள்ளியில்தான், மாறுவேடப் போட்டிக்கு வந்து நின்றிருப்பார்கள்.

2016-ல் "கபாலி" படம் வந்தது. பா. ரஞ்சித் எடுத்தது, ரஜினிகாந்த் நடித்தது, கதை நம் மண்ணிலே, தோட்டத் தொழிலாளர் பின்னணியிலே நடப்பது. படம் நல்லதா கெட்டதா என்று நீங்கள் வீட்டில் சண்டை போட்டிருப்பீர்கள், அதை விடுங்கள். பழைய படங்களில் கபாலி என்றால் யார்? நாயகன் அல்ல, வில்லன்கூட அல்ல, வில்லனின் அடியாள். கோடு போட்ட பனியன், கன்னத்தில் மரு. நம்பியார் கூப்பிட்டால் ஓடி வந்து குனிந்து நிற்பான். (அந்த நம்பியாரோ நிஜத்தில் மாமிசம் தொடாத, சபரிமலைக்கு மாலை போட்ட பெரிய குருசாமி, நம் பாட்டிமார் அவரைத் திரையில் பார்த்துத் திட்டாத திட்டில்லை!) அந்தப் பேரை எடுத்து, நான் அந்தக் குனிகிற ஆள் இல்லை என்று சொன்னதுதான் படத்தின் உயிர்நாடி. ரவாங் தியேட்டரில் அந்த இடத்தில் எழுந்து நின்று கத்தினவர்களில் என் தம்பியும் ஒருவன். நாற்பதை நெருங்குகிற மனுஷன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே! கபாலி என்பது மயிலாப்பூரில் கோயில் கொண்ட ஈசன் பேர், மண்டையோடு ஏந்தியவன் என்று பொருள். டால்சிம் கழுத்து மாலையை வைத்துச் சிரித்தார்களே, அந்த மண்டையோட்டை ஈசனும் ஏந்தியிருக்கிறான் என்று அன்றைக்கு யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் படத்துக்கு நம் நாட்டில் திரையிட்ட பிரதியில் ஒரு வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் கடைசியில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு நம்மை யோசிக்க விட்டுவிட்டார்கள். இங்கே கபாலி போலீஸில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டார்கள். பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எதிர் லயத்துப் பிள்ளையை வாசலில் கிடத்தியதைப் பார்த்தவன் நான். எழுத்துப் போட்டால் பிள்ளை திருந்திவிடுவான் என்ற நம்பிக்கையும் எனக்கு வரவில்லை.

என் தம்பி கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்டரியில் பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தான். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஓய்" என்பார், நம் இனத்தைச் சொல்லி ஒரு வார்த்தை என்பார். ஆறு மாதம் பொறுத்தான். ஒரு நாள் அவர் முன்னால் போய் நின்றான். பாரம் குதிங்காலில், தோள் கீழே, கழுத்து மேலே. "என் பேர் இது. இதைச் சொல்லிக் கூப்பிட்டா வருவேன்" என்று மலாயில் சொன்னான். அவர் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள், உடனே மாறிவிடவில்லை. வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார். அங்கே போய் வேலை கற்றுக்கொண்டு, இன்றைக்கு அவனுக்குக் கீழே எட்டுப் பேர். எட்டுப் பேரின் பேரும் முழுசாகத் தெரியும். சுவரில் இன்னும் சகாட் படம் ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் அப்பா படம். மாலை அப்பாவுக்குத்தான்.

கிளந்தான் தோல்பாவைக் கூத்திலே இராவணனுக்கு மகாராஜா வானா என்று பேர். சில ஆண்டுகளுக்கு முன் அதே பாவைக் கூத்தில் "ஸ்டார் வார்ஸ்" படத்துக் கறுப்பு முகமூடி வில்லனைத் தோலில் வெட்டி, சங்கலா வேடே என்று பேர் வைத்து ஆட்டியிருக்கிறார்கள். கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் கூத்து வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பௌசருக்கும் ஒரு விருத்தம் கட்டியிருப்பார்.

பௌசர் பற்றி நானும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1985-ல் நிண்டெண்டோ கம்பெனி விட்ட ஆட்டத்தில் வந்தவன். முள் முதுகு ஆமை அரசன். இளவரசியைத் தூக்கிப் போய்விடுவான். எட்டாவது கோட்டையில், நெருப்புக் குழம்புக்கு மேலே ஒரு பாலத்தில் நிற்பான். கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து உள்ளே விழுவான். தீமிதியில் இறங்கின மாதிரி மறுபடி வெளியே வந்துவிடுவான். 1992-ல் எல்லாரும் வண்டியோட்டுகிற ஆட்டத்தில் அவனும் வண்டியோடு வந்து வரிசையில் நின்றான். 1996-ல் வந்த ஓர் ஆட்டத்தில் அதே மாரியோவோடு கூட்டுச் சேர்ந்து நின்றான்.

பெற்றோர்களே, பிள்ளை கெட்டவனை விரும்புகிறான் என்றால் உடனே பயந்து அவன் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். அவனிடம் உனக்கு எது பிடிக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கத்தி பிடிக்கிறதா, நிற்பு பிடிக்கிறதா? என் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். எதிர் லயத்துப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை; பக்கத்திலேயே இருந்த நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சத்தியம் செய்ய நான் யார்? ஆனால் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

போன வாரம் நான் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனைத் தேடி வந்தேன். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தார். சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டேன், "அந்தப் பௌசர்கிட்ட இன்னும் என்ன பிடிக்கும்?" யோசித்தான். "அவனுக்கு ஒரு மகன் இருக்கான் சார். எங்க போனாலும் மகனையும் கூட்டிக்கிட்டுத்தான் போவான். விட்டுட்டுப் போக மாட்டான்" என்றான். அந்தப் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறவன். முறம் பாட்டியுடையது. அதற்கு மேல் அவன் வீட்டுக் கதையை நான் மேடையில் பேச மாட்டேன்.

இன்றைக்குப் பரிசுப் பட்டியலில் அவன் பேர் இல்லை. நான் போட்ட இரண்டு மதிப்பெண்ணும் அதற்கு ஒரு காரணம். தாளில் போட்டதை இனித் திருத்த முடியாது என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். ஆகவே தம்பி, நீ அந்தக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரிகிறது. முறத்தைக் கொண்டுவரச் சொல்லி உன் பாட்டியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். கொண்டு வந்திருக்கிறார்கள், கதவுப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு முள் ஒடிந்து போயிருக்கிறதாம், பரவாயில்லை. போய்க் கட்டிக்கொண்டு மேடைக்கு வா. இந்தத் தடவை உன் முழுப் பேரையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, அப்புறம் உறுமு.